பீரோவில் ஒரு முன்மாதிரி

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வெளியே, காலை ஆறரை. நடந்து வேர்த்தவர்களும் நடக்காமலே வேர்த்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்காரும் டீக்கடை. வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஸ்கூட்டரில் வாக்கிங் வருகிறவர். மாஸ்டருக்கு வடைச் சட்டியில் கண். நான் பக்கத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்று சொல்ல முடியாது.

சார்: மாஸ்டர், இனிமே எனக்கு நானேதான் முன்மாதிரி. நடிகன், கிரிக்கெட்காரன் எவனும் வேணாம்.

மாஸ்டர்: நல்லது சார். அலைச்சல் மிச்சம். சர்க்கரை தூக்கலாத்தானே?

சார்: ம். 1987ல பேங்க்ல சேர்ந்தப்ப எடுத்த போட்டோ, இடுப்பு 30 இஞ்ச். பெருசு பண்ணி பீரோவுல ஒட்டிட்டேன். தினமும் அந்த முகத்துலதான் முழிக்கிறேன்.

மாஸ்டர்: வீட்ல அம்மா ஒண்ணும் சொல்லலையா?

சார்: மாலை போட்டு விளக்கேத்தட்டுமான்னு கேட்டா. அதை விடு. நேத்து போன்ல 6,000 அடி காட்டுச்சு, தெரியுமா?

மாஸ்டர்: எங்கிட்டு நடந்தீங்க?

சார்: நடக்கல. போன் சட்டைப்பைல இருந்துச்சு, நான் ஸ்கூட்டர்ல இருந்தேன். நம்ம ரோடு அப்படி. 10,000 அடி ஆகணும்கிறாங்க. அதுவும் டாக்டர் சொன்ன கணக்கில்லப்பா. 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற மீட்டர் வித்துச்சு. அதுக்கு வச்ச பேரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’.

மாஸ்டர்: யாவாரி வச்ச பேரா! அப்ப நானும் ‘நாலு வடைத் தட்டு’ன்னு ஒண்ணு அடிச்சு வைக்கிறேன். அம்பது வருசம் கழிச்சு நாலு வடை உடம்புக்கு நல்லதுன்னு ஆயிரும்.

சார்: கிண்டல் பண்ணாதே. 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு முதல்ல நம்பினேன். தேடிப் பார்த்தா, அமெரிக்காவுல மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல எழுதினது. மூக்கை மாத்திக்கிட்டவங்க புது முகத்துக்குப் பழகவே 21 நாளாவது ஆகுதாம்.

மாஸ்டர்: மூக்குக்குச் சொன்னதைத் தொப்பைக்கு வச்சுக்கிட்டீங்களாக்கும்.

சார்: அப்புறம் 2009ல லண்டன்ல ஒரு காலேஜ்ல 96 பேரை வச்சுப் பார்த்திருக்காங்க. காலைச் சாப்பாடு முடிஞ்சதும் இன்னது செய்யணும்னு, ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோட முடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. நடுவாந்திரமா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18, சிலருக்கு 254.

மாஸ்டர்: அது சரியாத்தான் இருக்கு. நாலு மணிக்குப் பால் வந்திரும். நான் மூன்றரைக்கு எந்திரிக்கலைன்னா அம்புட்டும் திரிஞ்சிரும். இருபது வருசமா பால் வண்டிச் சத்தம்தான் எழுப்புது. போட்டோ ஒண்ணும் எழுப்பல.

சார்: அதுல இன்னொரு அருமையான விஷயம். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா பாதிப்பில்லையாம்!

மாஸ்டர்: அந்த ஒரு நாளை எப்ப எடுத்துக்கிறீங்க?

சார்: தினமும்தான்.

(சிரிக்காமல் சொன்னார். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன்.)

மாஸ்டர்: கோவிச்சுக்காதீங்க சார். கேள்வித்தாள் போடுறது நீங்க, பரீட்சை எழுதுறது நீங்க, திருத்துறதும் நீங்க. இதுல பெயிலாக வழியே இல்லையே! உங்க பேங்க்ல இப்படி விடுவாங்களா?

சார்: நெவர்! கவுண்டர்ல ஒருத்தர் போட்ட எண்ட்ரியை இன்னொருத்தர் பார்த்து பாஸ் பண்ணணும். ரெண்டும் ஒரே கையின்னா ஆடிட்ல தோலை உரிச்சிருவான்.

மாஸ்டர்: அப்ப உங்க எண்ட்ரியை யாரு பாஸ் பண்றது?

சார்: பீரோவுல இருக்கானே, அவன்.

மாஸ்டர்: அவனுக்கு இன்னும் சம்பளமே ஏறலையே சார். சர்வீஸ் முடிச்ச ஆபீசரை அவன் எங்க கேள்வி கேட்கப் போறான்?

(மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னாலிருந்து எண்ணெய்க் கறை ஏறிய நீள நோட்டு ஒன்றை உருவினார்.)

மாஸ்டர்: ஜனவரி ஒண்ணாந்தேதி ‘புது வருஷம், புது மனுஷன்’னு சொல்லிட்டுக் கணக்கு ஆரம்பிச்சீங்க. ஒண்ணாந்தேதி, டீ 1, வடை 2. ரெண்டாந்தேதி, டீ 1, வடை 2. மூணாந்தேதி மழை, அன்னைக்கும் டீ 1, வடை 2. இன்னைக்கு மார்ச் 7. எண்ணிப் பாருங்க.

(சார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வங்கிக்காரர் விரலால் வரி வரியாக எண்ணினார். உதடு அசைந்தது.)

சார்: இன்னைக்கோட... 66.

மாஸ்டர்: லண்டன் கணக்கு சுத்தம் சார்.

சார்: இரு, இரு. ஜனவரி பதினைஞ்சு காலியா இருக்கே?

மாஸ்டர்: பொங்கல். கடை லீவு. ஒரு நாள் விட்டுப்போனா பாதிப்பில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க!

சார் நோட்டை மூடினார். தட்டை நீட்டினார். மாஸ்டர் கேட்கவில்லை, இரண்டு வைத்தார்.