கம்ப்ரஸருக்கு ஓய்வு வேண்டாம்!

கேள்வி: மழைக்காலம் முழுக்க கார் ஏ.சி.யைத் தொடவில்லை. கம்ப்ரஸருக்கு நல்லதுதானே? கோடையில் கேஸ் நிரப்பினால் போதுமா?
– மதுரை வாசகர்

பதில்: நல்லதில்லை, சார்! கம்ப்ரஸருக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது. கேஸோடு கலந்து சுற்றும் ஆயில்தான் உயிர். சும்மா கிடந்தால் ஷாஃப்ட் சீல் காய்ந்து கேஸ் கசியும். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓட விடுங்கள். மழையில் கண்ணாடியில் படியும் மூட்டமும் போகும்.

எரிந்து தீர கேஸ் என்ன பெட்ரோலா? குறைந்தால் எங்கோ கசிவு. தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பைப் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் திருடன் அங்கேதான். அந்த மூட்டில் உள்ள ஓ-ரிங்கை மாற்றி, வேக்குவம் போட்டு, பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். கூடினாலும் கம்ப்ரஸர்தான் திணறும்.