இழுத்தாலும் இசை

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் மாடிப்படி ஏறவே அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. அவரைப் போய் மவுத் ஆர்கன் வாசிக்கச் சொல்கிறார்களே, அடுக்குமா?

நாதஸ்வரத்தையா கையில் கொடுத்தார்கள்? மவுத் ஆர்கனுக்கு அவ்வளவு தம் வேண்டாம். ஊதினாலும் ஒலிக்கும், உள்ளே இழுத்தாலும் ஒலிக்கும். இந்த நோயில் பெரிய தொல்லையே, பழைய காற்று முழுதாக வெளியேறாமல் நுரையீரலில் தேங்குவதுதான். உதட்டைக் குவித்து மெல்ல, நீளமாக ஊதினால் மூச்சுக்குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாது. தேங்கிய காற்று வெளியேற வழி கிடைக்கும். அமெரிக்காவில் சிஓபிடி அறக்கட்டளை இதற்கென்றே ஒரு மவுத் ஆர்கன் திட்டம் வைத்திருக்கிறது.

டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. தலை சுற்றினால் வாசிப்பை நிறுத்தலாம். பேரன் கேட்டால் அவனுக்கு வேறொன்று வாங்கிக் கொடுங்கள். ஒரே வாத்தியம் இரண்டு வாய்க்குப் போனால் கிருமியும் கூடவே போகும்!