காதுகுத்துக்கும் காய்ச்சல்தான்!

அனுப்புநர்: எட்டாம் வகுப்பு மாணவனின் தகப்பன்
பெறுநர்: வினாத்தாள் தயாரிப்புக் குழுவினர்
பொருள்: ஆங்கிலம், புவியியல் பாடங்களில் பிள்ளைகளைக் கரையேற்றியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஆறாம் வகுப்பிலிருந்து தங்கள் வினாத்தாள்களோடு மல்லுக்கட்டி வரும் குடும்பம் எங்களுடையது. நன்றி சொல்லாமலிருப்பது தகாது.

முதலில் ஆங்கிலம். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் என் மகன் லீவ் லெட்டர் ஒப்பிப்பான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று பிடித்தால் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’யில்தான் மூச்சு விடுவான். என் அக்கா பேத்திக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. அதற்கும் காய்ச்சல் என்றே எழுதினான். “காதுகுத்துன்னே எழுதேன்டா” என்றேன். “அதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா, காய்ச்சல்தான் வரும்” என்றான். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலைத் தவிர வேறெந்த நோவும் அண்டாமல் காக்கும் தங்களுக்குச் சுகாதாரத் துறை ஒரு கேடயம் தரலாம்.

ராமன் ராவணனைக் கொன்றதைச் செயப்பாட்டு வினையில் திருப்பிப் போட்டு, ராவணன் ராமனால் கொல்லப்பட்டதாக எழுதவும் அவனுக்கு அத்துப்படி. ஆனால் வடநாட்டு லாரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, பெட்ரோல் பங்குக்கு வழி கேட்டபோது கையை மட்டும் நீட்டினான். யாரும் யாரையும் கொல்லாத வாக்கியம் அவனுக்கு வரவில்லை.

அடுத்தது புவியியல். ‘பொருத்துக’வில் பையன் புலி. பிரெய்ரி வட அமெரிக்கா, பம்பாஸ் அர்ஜென்டினா, வெல்டு தென்னாப்பிரிக்கா, டவுன்ஸ் ஆஸ்திரேலியா. உலகத்துப் புல்வெளியெல்லாம் விரல் நுனியில். எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் இப்போது பிளாட் போட்டுக் கலர் கொடி நட்டிருக்கிறார்கள். அங்கே மாடு மேய்ந்த கதை அவனுக்குத் தெரியாது. எந்த வினாத்தாளிலும் அது வந்ததில்லை.

மேப் வரைவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீலப் பென்சில் முனையை பிளேடால் சுரண்டி, அந்தத் தூளைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் அரபிக்கடல் அப்படியே தளும்பும். நைல் நதி 6,650 கிலோமீட்டர் என்பான். எங்கள் ஏரி நிரம்பினால் கலங்கல் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறான்.

எவரெஸ்டின் உயரமும் தெரியும். அந்தச் சிகரத்தை அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணி 1802-இல் லாம்டன் தலைமையில் நம் பரங்கிமலைப் பக்கம்தான் சங்கிலி பிடித்துத் தொடங்கியது என்பது தெரியாது. ஒரு மார்க்குக்கும் உதவாத சங்கதி அல்லவா!

பாடநூல்காரர்கள்மேல் பழி போட மாட்டேன். ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் கடலாமைப் பாடம் வைத்தவர்கள் அவர்கள். வருஷா வருஷம் சென்னைக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் சங்கதி அது. ஆங்கிலமும் புவியியலும் ஒரே மணலில் கிடக்கின்றன. அதையும் தாங்கள் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’வில் அடைத்துவிட்டீர்கள். எது கேள்வியாக வருமோ அதைத்தான் வாத்தியார் நடத்துவார், பிள்ளை படிக்கும். ஆகவே நிஜமான பாடத்திட்டம் தங்கள் வினாத்தாள்தான்.

ஆகையால் ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி கேளுங்கள்: ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் பள்ளிக்கு வரும் வழியை வரைபடமாகப் போடு. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு அதை நான்கு வரி ஆங்கிலத்தில் சொல்.’ பத்து மார்க் கொடுங்கள். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள். வந்தவர் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தால் முழு மதிப்பெண்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்