திரைக்காப்பு இயல்

யானைக்கும் குதிரைக்கும் ரத்தினத்துக்கும் சாத்திரம் செய்துவைத்த முன்னோர், கேமராத் திரைக்குக் கண்ணாடி ஒட்டுவதற்கு ஒரு சாத்திரம் செய்யாமல் போனார்கள். கேமரா இல்லாத குறைதான். மற்றபடி அவர்களை நொந்து பயனில்லை. இக்கட்டுரை நுதலியது யாதோ எனின், கேமராவின் முதுகுத் திரையும், அதன்மேல் ஏறும் காப்பும், ஏற்றுவார்க்கு உண்டாகும் துயரும் என்க.

ஆதியில் திரை இல்லை. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, நூற்றுக்கு நூறு புள்ளி கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் நாடாவில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டது. படத்தைப் பார்க்க டிவி வேண்டும். எனவே கீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1995இல் காசியோவின் கியூவி-10, முதுகில் 1.8 அங்குல வண்ணத் திரையோடு கடைக்கு வந்தது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கும் பாக்கியமும், ஐயோ கீறல் விழுந்துவிடுமே என்ற கவலையும் மக்களுக்கு ஒரே பெட்டியில் கிடைத்தன. பின்னாளில் நிக்கான் தன் டி300, டி700 கேமராக்களின் பெட்டியிலேயே பிஎம்-8 என்றொரு பிளாஸ்டிக் மூடியை வைத்துக் கொடுத்தது. ஒட்ட வேண்டியதில்லை, மாட்டினால் போதும். ஆனால் திரைக்கும் மூடிக்கும் இடையே காற்று நிற்கும். காற்றும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மூடியின் இரு முகமும் இப்படி அனுப்பினால், நடுப்பகல் வெயிலில் மணமக்களைப் பார்க்கப்போனவர் தம் முகத்தைத்தான் பார்ப்பார். பசையால் ஒட்டும் காப்பில் இந்த இடைக்காற்று இல்லை. ஒட்டுவது மாட்டுவதினும் சிறந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

திரையின் பகைவர் யாவர்? ஊரார் நினைப்பதுபோல் கத்தியோ சாவியோ அல்ல. கல்யாண போட்டோகிராபர் ஒருவரை மண்டபத்தில் உற்றுப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் கேமராவின் முதுகு அவர் வயிற்றில் படிந்திருக்கும். அவர் மேடைக்கும் பந்திக்கும் ஓடும்போதெல்லாம் சட்டைப் பொத்தானும் பெல்ட் பக்கிளும் திரையை உரசிக்கொண்டே வரும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் மூக்கு திரையில் பதியும். நாளெல்லாம் பதிந்தால் மூக்கெண்ணெயில் ஒரு வட்டம் விழும். சந்தனம் தொட்ட விரல், குங்குமம் தொட்ட விரல், “எங்க, காட்டுங்க தம்பி” என்று நீட்டும் பெரியம்மாவின் ஜாங்கிரி தொட்ட விரல் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இவை துடைத்தால் போகும். அட்சதையும் ஒன்றும் செய்யாது. அரிசி கண்ணாடியைக் கீறாது. உண்மையான பகைவன் மணல். அவுட்டோர் ஷூட் என்று மாமல்லபுரம் போய் வந்த பையின் அடியில் அவன் பதுங்கியிருப்பான்.

இவ்விடத்துக் கடினம் என்பதன் இலக்கணம் கூறவேண்டியதாயிற்று. கடைக்காரத் தம்பி டெம்பர் கிளாஸ் அட்டையைத் தூக்கிக் காட்டி, “9H அண்ணே! கத்தியால கீறிப் பாருங்க” என்பார், தாமே கீறியும் காட்டுவார். கீறல் விழாது. வாங்குபவர், 9 என்றால் கனிமங்களின் மோஸ் அளவுகோலில் ஒன்பதாம் படி, மாணிக்கமும் நீலமும் ஆகிய குருந்தக்கல்லின் படி என்று மயங்குவார். அந்த 9H பென்சிலுடையது. களிமண் கூடக்கூடப் பென்சில் கடினமாகும். அவ்வரிசையில் மிகக் கடினமானதை 45 பாகை சாய்த்து, எடை ஏற்றித் தள்ளினாலும் பரப்பில் கோடு விழவில்லை என்பதே அதன் பொருள். அதாவது, இக்கண்ணாடியைப் பள்ளிக்கூடத்துப் பையன் பென்சிலால் கீற முடியாது. மோஸ் கணக்கில் பேனாக்கத்தி ஐந்தரை, சாதாரணக் கண்ணாடியும் ஏறத்தாழ அவ்வளவே. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. கத்தியால் கீறிக் காட்டும் கடை உண்டு. ஒரு பிடி மெரினா மணலைக் கொட்டித் தேய்த்துக் காட்டும் கடை இல்லை.

ஆயினும் டெம்பர் கிளாஸைப் பழிப்பது தகாது. இத்தகைய மெல்லிய கண்ணாடியைப் பொட்டாசியம் நைட்ரேட்டின் சூடான குழம்பில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனிகள் இறங்கிப்போக, பருத்த பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் உட்காரும். டவுன் பஸ்ஸில் இருவர் சீட்டில் ஒல்லியானவர் எழுந்துபோய் ஒரு பருமனானவர் வந்து உட்கார்ந்தால் சீட்டு எப்படி இறுகுமோ அப்படி மேற்பரப்பு இறுகிவிடும். இறுக்கம் இருக்கிற வரை விரிசல் எளிதில் திறக்காது. ஆனால் இப்படிப் பதமான கண்ணாடியைக் கத்தரிக்க வராது. ஆகவே அளவு தப்பினால் தப்பியதுதான்.

அளவில்தான் பலர் விழுகிறார்கள். “மூணு இஞ்ச் இருக்கா?” என்று கேட்டு வாங்கி வருவார்கள். மூன்று அங்குலம் என்பது மூலைக்கு மூலை. நாலுக்கு மூன்று விகிதத் திரை என்றால் சுமார் 61 மி.மீ. அகலம், 46 மி.மீ. உயரம், மூன்றுக்கு இரண்டு என்றால் 63 மி.மீ. அகலம், 42 மி.மீ. உயரம். இரண்டும் மூன்று அங்குலமே. ஒன்றின் கண்ணாடியை மற்றதில் வைத்தால் மேலே தொங்கும், பக்கத்தில் போதாது. எனவே அங்குலம் சொல்லாதே, மாடல் பெயர் சொல் என்பது விதி. மாடலுக்குக் கிடைக்கவில்லையா, மெஷினில் வெட்டித்தரும் ஹைட்ரோஜெல் படலத்தைத் தேடலாம். அது மணலுக்கு ஈடு கொடுப்பது குறைவு. எனினும் வளையும், உடையாது. திரையை உட்புறமாகத் திருப்பி மூடும் கேமராக்காரர்கள் தடித்த கண்ணாடி வாங்கினால் திரை சரியாக மடங்காமல் துருத்தும். அவர்களுக்கு அந்த மடிப்பே காப்பு. சும்மா இருப்பதே அவர்களுக்குச் சுகம்.

இனி ஒட்டுமுறை. தூசு பறக்காத இடம் வேண்டும். வெந்நீர் திறந்துவிட்டு ஆவி அடங்கிய குளியலறை உத்தமம் என்பர் அறிந்தோர், ஈரம் தூசியைக் கீழே அமர்த்துமாதலால். சென்னைவாசி இதற்காகக் குளியலறை வரை போக வேண்டியதில்லை. அவர் வீடு முழுவதும் அப்படித்தான் இருக்கிறது. ஃபேனை நிறுத்தவேண்டும். இங்கே ஒரு தருக்கச் சிக்கல் எழுகிறது. மே மாதத்தில் ஃபேன் ஓடினால் தூசி விழும், ஓடாவிட்டால் வியர்வைத் துளி விழும். துளி துடைத்தால் போகும், தூசி போகாது. ஆகவே ஃபேனை நிறுத்துக என்பது எம் துணிபு. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, தூசி ஸ்டிக்கரால் நாலு ஒத்தல். பிறகு கண்ணாடியின் இரு விளிம்பைப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு பக்கத்து விளிம்பை நேர்பார்த்து இறக்கி விட்டுவிட வேண்டும். பசை தானாகவே பரவி, வெளிறிய பரப்பு கருத்துக்கொண்டே போகும். இந்த அரை நிமிடம் மட்டுமே இச்சாத்திரத்தில் இன்பம்.

உடனே நடுவில் ஒரு புள்ளி தெரியும். காற்றுக்குமிழி என்றால் விரலால் ஓரத்துக்குத் தள்ளலாம். தள்ளாவிட்டாலும் ஓரிரு நாளில் பெரும்பாலும் அடங்கும். தள்ளத் தள்ள அசையாமல் சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம் கட்டிக்கொண்டு நிற்கிறதா, அது தூசி. ஒரு மூலையை டேப்பால் தூக்கி, இன்னொரு டேப்பின் நுனியால் அதை ஒற்றி எடுக்க வேண்டும். எடுத்துவிடலாம். தூக்கிய நேரத்தில் வேறு இரண்டு உள்ளே போயிருக்கும்.

இவ்வளவும் எதற்கு என்று வினவுவார் ஒரு சாரார். திரையில் விழுந்த கீறல் எந்தப் படத்திலும் விழாது. படம் பிடிப்பது முன்னால் உள்ள லென்ஸ் அல்லவா, அதைச் சட்டை நுனியால் துடைப்பவர் முதுகுக்கு மட்டும் ஏன் கண்ணாடி ஒட்டுகிறார் என்பது அவர் வாதம். வலுவான வாதம்தான். கண்ணாடியிலேயே கீறல் விழுந்தால் வருந்துபவரைப் பார்த்தால், காப்புக்கு ஒரு காப்பு, அதற்கொரு காப்பு என்று அநவஸ்தை என்னும் குற்றம் வந்து சேருமே என்பர். வந்து சேர்ந்தே விட்டது: டெம்பர் கிளாஸ் வாங்கினால் அதன்மேல் ஒரு மெல்லிய படலமும் ஒட்டி வருகிறது. அதையும் உரிக்காமல் வைத்திருப்போர் உண்டு. சோபாவின் பாலிதீன் உறையைக் கழற்றாத குடும்பத்தில் பிறந்தோர் என்று கொள்க.

எம் கருத்து வேறு. காப்பு ஒட்டியவர் தம் கேமராவின் உண்மையான திரையைத் தொட்டே பார்ப்பதில்லை. மூன்று வருடம் கழித்து கேமராவை விற்கும் அன்று, வாங்க வந்தவர் நகத்தால் மூலையைக் கிளப்பி உரிக்கும்போது, உள்ளே கடையில் வாங்கிய அன்றைய திரை பளபளக்கும். முதல் உரிமையாளர் அதை நேரில் காண்பது அப்போதுதான். ஆக, காப்பு என்பது முகம் தெரியாத இரண்டாம் உரிமையாளருக்கு முதலாமவர் எழுதிவைக்கும் அறக்கட்டளை.

அதனாலேயே பேரத்தில் இவருக்குப் பிடி தளராது. “ஆயிரம் குறைச்சுக்கங்க அண்ணே” என்பார் வந்தவர். விற்பவர் மேசை டிராயரைத் திறந்து, பழைய சார்ஜர், சிம் குத்தும் ஊசி, பேட்டரி மூடி எல்லாவற்றையும் விலக்கி, இரண்டு கொண்ட பாக்கெட்டில் மிச்சமிருந்த மற்றொரு கண்ணாடியை எடுத்து நீட்டுவார்: “விலையில குறைக்க முடியாது தம்பி. வேணும்னா இது ஃப்ரீயா வச்சுக்கோங்க.”