மாமா பல்லைப் பார்த்துவிட்டார்

போன வியாழக்கிழமையும் மாமா சொல்லிவிட்டார். அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

‘ப்யோம்கேஷ் பக்ஷி’யின் முதல் அத்தியாயம் இத்தனை வருஷம் கழித்தும் ஏன் அலுக்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சரதிந்து பந்தோபாத்யாயின் கதைகளை 1993-இல் தூர்தர்ஷனுக்காக பாசு சட்டர்ஜி எடுத்த தொடர். வெள்ளைக்காரன் காலத்துக் கல்கத்தா, வேட்டி கட்டிய துப்பறிவாளர். துப்பறிவாளர் என்றால் அவருக்குப் பிடிக்காது. ‘சத்யான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுகிறவர் என்று சொல்ல வேண்டும்.

மாமா ஆட்டுத் தரகர். அய்யலூர்ச் சந்தை முடிந்து கிடாய் வாசத்தோடு வந்தவர், லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். இந்தியில் அவருக்கு ‘நஹி’ மட்டும் தெரியும். திரையில் ஒரு மெஸ். அதை நடத்தும் ஹோமியோபதி டாக்டர், தங்கியிருக்கும் நாலைந்து பேர், புதிதாக இடம் கேட்டு வருகிற, ப்யோம்கேஷாக நடிக்கும் ரஜித் கபூர்.

“இந்தப் பய நல்லவன் மாப்ள. காந்தி மாதிரி இருக்கான்.”

1996-இல் ஷியாம் பெனகல் படத்தில் ரஜித் கபூர் காந்தியாகவே நடித்துத் தேசிய விருது வாங்கினார். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் ஊரில் குடியிருக்க முடியாது.

அடுத்த நிமிஷமே திரையில் விரலை வைத்தார். “கொன்னது இவன்தான்.”

“எப்பிடி மாமா?”

“பல்லப் பாத்தேன்.”

சந்தையில் கிடாயின் கீழுதட்டைப் பெருவிரலால் விலக்கி, “ரெண்டு பல்லு” என்பார். பால்பல் என்றால் குட்டி. அப்புறம் ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. ஆட்டுக்கு முன்பக்கம் மேல்பல்லே கிடையாது. அரைவாயை வைத்தே இவ்வளவு சொல்கிறவருக்கு, மேலும் கீழும் பல் உள்ள மனுஷன் எம்மாத்திரம்? ஓட்டுக் கேட்டு வருகிறவர் சிரித்தால், “டெபாசிட் போகும்” என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வருவதற்குள் பெண்ணின் அப்பாவைப் பார்த்துவிட்டு என் காதில், “கடன்காரன்” என்றார். நான் பழைய பைக் வாங்கியபோது வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விற்றவர் வாயைப் பார்த்துவிட்டு, “வண்டிக்கருப்பணசாமி கோயிலத் தாண்டாது” என்றார். லாரிக்காரர்கள் கும்பிட நிறுத்துகிற அதே இடத்தில் என் பைக் தானாக நின்றது. பக்தி என்று சொல்லிச் சமாளித்தேன். போன தீபாவளிக்கு என் வாயையும் உற்றுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் அவர் முன்னால் சிரிப்பதில்லை.

கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரியாதா? நாலு தடவை பார்த்தவன். தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்து, ப்யோம்கேஷ் கண்டுபிடிக்கும்போது “அட!” என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. சந்தா கட்டுவதும் நான்தான். அதையும் வந்து பிடுங்க வேண்டுமா?

நீங்கள் இன்னும் பார்க்காமல் இருக்கலாம்; ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அந்தக் கெட்ட புத்தி மாமாவோடு போகட்டும். நேற்று ராத்திரி மறுபடி போட்டு, நிறுத்தி நிறுத்தி அந்த டாக்டர் பல்லைத்தான் பார்த்தேன். சாதாரணப் பல்லாகத்தான் இருக்கிறது.