சுவருக்கும் எனக்கும் ஒட்டவில்லை

பெயிண்ட் விளம்பரத்தில் வரும் கணவன் மனைவிக்கு மூக்கு நுனியில் மட்டும் ஒரு சொட்டுப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து இருவரும் சிரிப்பார்கள். எனக்குத் தலைமுடி, மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட், பக்கத்து வீட்டுப் பூனை என்று எல்லாவற்றிலும் ஒட்டியது. ஒட்டாத ஒரே இடம் சுவர்.

பொங்கல் நெருங்கினால் கறம்பக்குடியில் பெயிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. சீனிக்கடை முக்கத்தில் நின்று விசாரித்தால், "தை பொறக்கட்டும்ணே" என்பார்கள். தை பிறந்த பிறகு எனக்கு எதற்குப் பெயிண்டர்? அலைந்து திரிந்து பிடித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் நிறம் என்ன என்று கேட்கவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டி விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை என்னிடம் காட்டினார். "பழைய சுண்ணாம்புண்ணே. மொத்தத்தையும் சுரண்டணும். அப்புறம் பட்டி, உப்புத்தாள், பிரைமர். கடைசியாத்தான் பெயிண்ட்டு." தொகையைச் சொன்னார். பெயிண்ட் விலையைவிடக் கூலி அதிகம்.

பில்லைப் பெரிதாக்கும் தந்திரம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டினேன். பெயிண்ட் அடிக்க வந்தவருக்குச் சுரண்டுவதற்கு எதற்குக் காசு? இன்னொன்றும் இருந்தது, அதை வெளியில் சொன்னதில்லை. நான் கூலி கொடுத்த ஆள் என் கண்ணெதிரே பதினோரு மணிக்கு உட்கார்ந்து டீ குடிப்பதை என்னால் தாங்க முடியாது. அந்த நேரத்தில் நானும் டீதான் குடித்துக்கொண்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

"பார்த்துச் சொல்றேன்" என்று அவரை அனுப்பிவிட்டு ரோலர் வாங்கக் கிளம்பினேன். "ஏங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றாள் மனைவி. பரம்பரை என்றேன்.

பொய்யில்லை. எங்கள் அப்பத்தா காலத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க யாரும் ஆள் வைத்ததில்லை. கற்சுண்ணாம்பைப் பழைய பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அடுப்பில்லாமலே அது தளதளவென்று கொதிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார். மறுநாள் துணியில் வடிகட்டி, சொட்டு நீலமும் ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும் கலந்து, நாராகத் தட்டிய மட்டையால் அடிப்பார். அடிக்கும்போது சுவர் சாம்பல் பூத்துக் கிடக்கும்; காயக் காயத்தான் வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிற வேலை அது. சுவரில் ஈரம் இருந்தாலும் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். கோடு கோணினாலும் அடுத்த பொங்கலுக்கு அதன் மேலேயே இன்னொரு பூச்சு. அப்பத்தாவுக்கு இருந்த திறமை ரத்தத்தில் எனக்கும் வந்திருக்கும் என்று நம்பினேன். அவர் கையிலிருந்தது சுண்ணாம்பு, என் கையிலிருந்தது எமல்ஷன் என்பதை யோசிக்கவில்லை.

முதல் கோட் அருமையாக வந்தது. அதன் எதிரில் நின்று செல்பி எடுத்து, 'சொந்தக் கைவண்ணம்' என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டாவது கோட்டுக்கு ரோலரை உருட்டினேன். பால் ஆடையை விரலால் இழுப்பதுபோல முதல் கோட் மொத்தமும் ரோலரோடு சுருண்டு வந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அப்பத்தாவின் சுண்ணாம்பு அப்படியே மாவாக அப்பியிருக்கிறது. எமல்ஷன் காய்ந்தால் ஒரு தோல். கீழே இருப்பது பொடி என்றால் அந்தத் தோல் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை அல்ல. பெயிண்டர் விரல் நுனியில் காட்டியது இதைத்தான். குழுவில் போட்ட படத்தை அழிப்பதற்குள் சித்தப்பா ஒருவர், "அடுத்த வாரம் நம்ம வீட்டுக்கும் வந்துருப்பா" என்று எழுதியிருந்தார்.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்கள் உதிர்ந்த இடத்தில், அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். இதை மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "அங்க சோழர் வந்தாங்க, இங்க என்ன வந்துச்சு?" என்றாள். வந்தது ஓதம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனபோது பின்கட்டு ஓடுகளும் பறந்தன. ஓட்டை மாற்றினோம். அன்று தண்ணீர் குடித்த சுவரை யாரும் கவனிக்கவில்லை. அது உப்புப் பூத்து, தட்டினால் 'பொத் பொத்' என்றது. எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. நான் தட்டவே இல்லையே.

நிறம் இன்னொரு கதை. கடைக்காரர் நீட்டிய அட்டையில் நகத்தளவு கட்டத்தில் ஒரு வெளிர்பச்சை சாதுவாக உட்கார்ந்திருந்தது. நான்கு சுவரிலும் ஏறியதும் ஒன்றின் பச்சை இன்னொன்றில் பட்டு அறையே அடர்ந்துவிட்டது. அதுவும் ஒரே பச்சை இல்லை. ஒவ்வொரு டப்பாவிலும் கண் திட்டத்துக்குத் தண்ணீர் கலந்திருந்தேன். ஊரிலிருந்து வந்த அம்மா அறை வாசலிலேயே நின்று, "யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்றார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கக்கூடியது. ஜன்னல் விஷயத்துக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. பழைய எனாமலை உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்த்தேன். மூக்கில் துணி இல்லை; பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது; 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. எங்கள் ஜன்னல் எனாமல் அதற்கு வெகுகாலம் முந்தியது. ஈரத் துணியால் வீட்டை மறுபடி மறுபடி துடைத்தோம். இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

தை பிறந்தது. அதே பெயிண்டரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை. முதலில் சொன்ன தொகையோடு இன்னொரு தொகை சேர்ந்தது. என்ன அது என்று கேட்டேன். "நீங்க அடிச்சதையும் சுரண்டணும்லண்ணே."

அவர் வேலையில் முக்கால் பங்கு பெயிண்டே இல்லாத வேலை. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சுரண்டினார். 'பொத்' என்ற பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுப் பூச்சு வைத்து, "இது காயட்டும்ணே" என்று போனவரை வாரக்கணக்கில் காணோம். இந்த முறையும் சந்தேகப்பட்டேன். திரும்பி வந்து பட்டி வைத்துத் தேய்த்தபின், விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேடு பள்ளம் பார்த்தார். டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலக்கினார். மேல்விதானமும் சுவரும் சேரும் இடத்தில் நான் டேப் ஒட்டி மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பிரஷை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏணியின் அகலத்துக்கு ஒரே இழுப்பு. நூல் பிடித்த கோடு.

ஆள் வைத்தாலும் அதற்கும் ஒரு லட்சணம் வேண்டும். எனக்கு அது வரவில்லை. பின்னாலேயே நின்றேன். "தம்பி, அந்த மூலையில விட்டுப்போச்சு பாருங்க" என்றேன். திரும்பாமலே சொன்னார்: "அது உங்க நெழலுண்ணே." அதன்பின் நாற்காலியைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டேன்.

சித்தன்னவாசல் குகைக்கோயில் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லபப் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. விதானத்தில் தாமரைக் குளத்தை வரைந்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் சுவரைத் தடவிப் பார்த்து, "நீங்களேவா அடிச்சீங்க?" என்கிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமாகிறது. மனைவிக்கு ஆவதில்லை.

வெளிச்சுவர் இன்னும் பாக்கி. அதற்குச் சிமெண்ட் பெயிண்ட் போதும் என்று அவளும் பெயிண்டரும் பேசி முடித்துவிட்டார்கள். அதை அடிப்பதற்கு முன்னும் சுவரை நனைக்கவேண்டும். அடித்துக் காய்ந்த பின்னும் தண்ணீர் தெளிக்கவேண்டும், இல்லாவிட்டால் கையில் மாவாக ஒட்டும். அந்தத் தண்ணீர் வேலையை எனக்குக் கொடுக்கலாம் என்று பெயிண்டர் சிபாரிசு செய்திருக்கிறார். சம்பளம் கிடையாது, பதினோரு மணிக்கு டீ உண்டு. ஹோஸ் பைப்பைக் கொல்லைக் குழாயில் மாட்டும் கிளிப்பை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.