கண்டிக்கு ஏதுடா கோடை?

தம்பி, இங்க வா. அந்தப் போனைக் கொஞ்சம் பைக்குள்ள போடு. இப்ப என்னமோ சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு பாப்போம். "இந்த வருசம் சம்மர் சரியில்ல தாத்தா." அப்படித்தானே? கண்டியில பொறந்து, மகாவலித் தண்ணியக் குடிச்சு வளந்த பய, சம்மர் சரியில்லைங்கிற. கண்டிக்கு ஏதுடா கோடை? யாரு வந்து உனக்குக் குடுத்தா?

கோடைங்கிறது வெள்ளக்காரன் ஊருச் சரக்கு. அவன் ஊர்ல மார்கழியில சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிரும். ஜூன்ல ராத்திரி ஒம்பது மணிக்கும் வெளிச்சம் நிக்கும். அவன் சம்மருக்கு ஏங்குறதுல ஒரு நியாயம் இருக்கு. நமக்கு என்ன கேடு? ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் உள்ள வித்தியாசம் இங்க ஒரு மணித்தியாலம்கூடத் தேறாது. சூரிய பகவான் நம்ம உச்சந்தலைக்கு நேரா வருசத்துக்கு ரெண்டு தடவ வந்து நிப்பாரு. ஏப்ரல் 8, 9ஆம் திகதி வாக்குல ஒருக்கா. செப்டெம்பர் பொறந்த கையோட இன்னொருக்கா. அப்ப நமக்கு ரெண்டு கோடையா? செப்டெம்பர்ல யாராச்சும் கோடைன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? பெறகு என்னத்த வச்சு சரியில்லைங்கிற?

உன்ன மட்டும் சொல்லிக் குத்தமில்ல. உங்க பாட்டியும் அப்படித்தான். மே மாசம் 4ஆம் திகதி ஆனாப் போதும். தமிழ்நாட்டு டிவியில அக்கினி நட்சத்திரம் தொடங்கிருச்சுன்னு சொல்லுவான். இவ உடனே மோரைக் கடைஞ்சு, வெங்காயத்த வெட்டிப் போட்டு, "வெளிய போகாதீங்க, கத்திரி வெயிலு"ன்னு உத்தரவு போடுவா. வெளிய எட்டிப் பாத்தா பொத்துக்கிட்டு ஊத்தும். மார்ச், ஏப்ரல்லயே மத்தியானத்துக்கு மேல இடி இடிச்சு மழை புடிக்கிற ஊரு இது. மே கடைசியில தென்மேற்குப் பருவக்காத்து வேற கெளம்பிரும். வெசாக் கூடு கட்டுற பயலுக கடதாசி நனைஞ்சு போச்சேன்னு பொலம்புறது அந்த மாசத்துலதான். நம்ம பாட்டன் பூட்டன் திருச்சியில இருந்தும் சேலத்துல இருந்தும் மூட்டை கட்டிக்கிட்டு வந்தப்ப, அந்த ஊரு வெயிலையும் பஞ்சாங்கத்துக்குள்ள சுருட்டிக் கொண்டாந்துட்டாங்க. வெயிலு இங்க எறங்கல. பஞ்சாங்கம் மட்டும் எறங்கிருச்சு. குடையப் புடிச்சுக்கிட்டு அக்கினி நட்சத்திரம் கொண்டாடுற சனம் உலகத்துல நாம மட்டுந்தான்.

சரி, போன் என்ன சொல்லுது? "கண்டி, 29 பாகை, மேகமூட்டம்." எந்தக் கண்டிக்கு? அதக் கேட்டியா?

ராபர்ட் நொக்ஸ்னு ஒரு வெள்ளக்காரன். 1660ல கண்டி ராசா ரெண்டாம் ராஜசிங்கனோட ஆளுங்க அவனப் புடிச்சு மலை நாட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. பத்தொம்பது வருசம் இங்க தொப்பி பின்னி வித்துப் பொழச்சான். 1679ல தப்பிச்சு ஓடி, 1681ல லண்டன்ல புத்தகம் போட்டான். அதுல மழையப் பத்தியும் எழுதியிருக்கான். மலைக்கு இந்தப் பக்கம் நனையுறப்ப அந்தப் பக்கம் காஞ்சு கெடக்கும்னு. கைதியா வந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு. காலேஜ் படிச்ச உனக்குத் தெரியல.

நம்பலைன்னா ஜூன், ஜூலையில மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட பஸ்ஸு நிக்கிற எடத்துல போய் நின்னு பாரு. நாவலப்பிட்டிப் பக்கத்துல இருந்து வந்து எறங்குறவங்க குடையில தண்ணி சொட்டும். செருப்புல சேறு அப்பியிருக்கும். தெல்தெனியப் பக்கத்துல இருந்து வந்து எறங்குறவங்க கைலேஞ்சியால கழுத்தத் தொடச்சுக்கிட்டு, சட்டையில தூசியத் தட்டுவாங்க. ஒருத்தர், "என்னாங்க, இந்த மழை நிக்கவே நிக்காது போலயே"ம்பாரு. மத்தவர், "மழையா? எங்க பக்கம் கெணறு வத்திப்போச்சு"ம்பாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. தென்மேற்குக் காத்து கடல்ல இருந்து ஈரத்தச் சொமந்துக்கிட்டு வந்து மேற்குச் சரிவுல முட்டும். ஏற ஏறக் குளுந்து, அங்கயே கொட்டித் தீத்துரும். வட்டவளைப் பக்கம் வருசத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுறது அதனாலதான். மலையத் தாண்டிக் கிழக்கால எறங்குறப்ப அதுக்கிட்ட வெறும் காத்துதான் மிச்சம். மார்கழியில வடகீழ்க் காத்து வந்தா அந்தப் பக்கத்துக்கும் பங்கு கெடைக்கும். கண்டி டவுனு நடுவுல குந்திக்கிட்டு ரெண்டு பக்கப் பந்தியிலயும் கை நனைக்குது. இதுல "வெதர் நல்லாருக்கு"ன்னு ஒத்த வரியில தீர்ப்புச் சொல்ல நீ யாரு? ராஜசிங்கனா?

இன்னொரு கூட்டம் இருக்கு. குளிரத் தேடிப் போற கூட்டம். இதுக்கு வழி காட்டுனது வெள்ளக்காரன். கண்டி 500 மீட்டர் ஒசரம். நுவரெலியா 1868. ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு, ஆறரை பாகை கொறைஞ்சிரும். சாமுவேல் பேக்கர்னு ஒரு தொரை அந்தக் குளிர்ல மயங்கி, 1848ல இங்கிலாந்துல இருந்து மாடு, ஆடு, கலப்பை, கொல்லன்னு கப்பல் நெறைய ஏத்திக்கிட்டு வந்து எறங்கினாரு. குளிரு ஒண்ணா இருந்தா ஊரும் ஒண்ணா ஆயிரும்னு நெனப்பு. 1855ல ஊரப் பாத்துக் கெளம்பிட்டாரு. ரெண்டாம் உலக யுத்த காலத்துல மவுண்ட்பேட்டன் பிரபு வந்தாரு. டெல்லியில இருந்த படைத் தலைமையகத்தத் தூக்கிக் கொண்டாந்து நம்ம பேராதனைப் பூங்காவுல வச்சாரு. டெல்லி வெயிலுக்குப் பயந்து வந்தாருன்னு நான் சொல்லல. வந்தது 1944 ஏப்ரல்லன்னு மட்டும் சொல்றேன்.

இப்ப அந்த ஏப்ரல் கொழும்புக்காரங்க கையில. புதுவருசம் வந்தா நுவரெலியா மலைப்பாதை பூராவும் கார் வரிசை. மேல போய் எறங்கி, "குளுருதே, குளுருதே"ன்னு சந்தோசமா நடுங்குவாங்க. குல்லா வாங்குவாங்க. அப்புறம் ஹோட்டல்ல மொதல் கேள்வி என்ன தெரியுமா? "சுடுதண்ணி இருக்கா?" அடுத்த கேள்வி, "ரூமுக்கு ஹீட்டர் இருக்கா?" காசு குடுத்துக் குளிர வாங்கி, மறுபடி காசு குடுத்து அதையே வெரட்டுறது. சூடுதான் வேணும்னா கொழும்புல சும்மா கெடச்சுதே ராசா! தை மாசம் நுவரெலியாவுல உறைபனி விழுந்தா இன்னும் கூத்து. புல்லு வெள்ளையா இருக்குன்னு படம் புடிக்க ஓடுவாங்க. அந்தப் பனியில கருகுன தேயிலக் கொழுந்த எவனும் படம் புடிக்க மாட்டான்.

கொழுந்துன்னதும் ஞாபகம் வருது. ஜேம்ஸ் டெய்லர் 1867ல லூல்கந்துரவுல 19 ஏக்கர்ல தேயில போட்டாரே, அன்னையில இருந்து நம்ம மலையில ரெண்டு கட்சி. ஓட்டுக் கேக்காத கட்சி, பயப்படாத. ஒண்ணு டீமேக்கர் கட்சி. அவருக்குக் குளுந்த வறண்ட காத்து வேணும். காத்து அடிச்சாக் கொழுந்து மெதுவா வரும், கொறைச்சலா வரும், ஆனா வாசம் ஏறும். திம்புள பக்கம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும், ஊவாப் பக்கம் ஜூலையில இருந்து செப்டெம்பர் வரைக்கும் அந்தக் காத்துக்குத்தான் கொழும்பு ஏலத்துல வெல. காத்து வந்தா டீமேக்கர் மொகத்துல சிரிப்பு.

மத்தது உங்க அத்தை கட்சி. இடுப்புல படங்கக் கட்டிக்கிட்டு, முதுகுல கூடை, கையில மட்டக்கம்பு. அவளுக்கு ராத்திரி மழை வேணும், பகல்ல எளவெயிலு வேணும். அப்பத்தான் கொழுந்து பொங்கும். சாயங்காலம் மடுவத்துல தராசு முள்ளு தோட்டம் கேக்குற கிலோவத் தொடணும். பல தோட்டத்துல அது 18. தொட்டா முழுப் பேரு, முழுநாள் சம்பளம். தொடலைன்னா அரைப் பேரு. டீமேக்கர் கும்புடுற அதே காத்து அவ கூடைய அரையாக்குது. அதே மலை, அதே கொழுந்து, அதே நேரம். இப்ப சொல்லு, அன்னைக்கு வெதர் நல்லதா, கெட்டதா? அன்னைக்கு ராத்திரி லயத்துக் காம்பராவுல படுத்துப் பாத்தின்னா இன்னொரு சேதியும் தெரியும். பகல்ல கொதிச்ச அதே கூரைத் தகரம் விடியக்காலையில ஐஸாக் கெடக்கும்.

மாத்தளைப் பக்கம் போனா மூணாவது கட்சி. கராம்பு பறிச்சு முத்தத்துல பாய விரிச்சிருப்பாங்க. நாலஞ்சு நாள் நல்லாக் காயணும். நடுவுல ஒரு மழை நனைச்சாப் பூஞ்சணம் புடிச்சிரும், யாவாரி வெலையப் பாதியா அறுப்பான். அந்தாளு வேர்த்து விறுவிறுத்து நின்னுக்கிட்டு, "ஆகா, அருமையான வெயிலு"ம்பாரு. பக்கத்துல நெல்லு வெதச்சவரு மொறைப்பாரு. பேய்ஞ்சுங் கெடுக்கும், காய்ஞ்சுங் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? யாரு பாயில என்ன காயுதுங்கிறதப் பொறுத்த விசயம்டா இது.

பெரஹராவ எடுத்துக்க. எசல மாசத்துல எடுக்குற பெரஹரா மழையக் கேட்டு எடுத்ததுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கடைசியில கெட்டம்பேயில மகாவலியில எறங்கி நீர் வெட்டுற சடங்கும் உண்டு. ஆனா தெருவோரத்துல நாற்காலி போட்டு டிக்கெட் விக்கிறவரு என்ன வேண்டுவாரு? "ஆண்டவனே, இன்னைக்கு ராத்திரி மட்டும் பெய்ய விடாத." மழை கேட்டு யானை நடக்குது. மழை வேணாம்னு நாற்காலி வேண்டுது. மேல இருக்கிறவரு யாரு மனுவ மொதல்ல படிப்பாரு?

மழைய ரசிக்கிற ஆளுகளும் இருக்காங்க. நல்ல கூரைக்குக் கீழ உக்காந்து, சூடா ஒரு பிளேன்டீயக் கையில வச்சுக்கிட்டு, "மழைன்னா எனக்கு உசுரு"ம்பாங்க. இருக்கட்டும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்துச்சே, கண்டி மாவட்டத்துல மலை சரிஞ்சு வீட்டோட சனத்தையும் கொண்டுபோச்சே, அந்தச் சரிவுல இருந்தவங்ககிட்ட போய் இதச் சொல்லு பாப்போம். அவங்களுக்கு இப்ப ரெண்டு மணித்தியாலம் சேந்தாப்புல பெய்ஞ்சாத் தூக்கம் வராது. பாயச் சுருட்டி வச்சுக்கிட்டு மண்ணு சத்தம் கேக்குதான்னு காதத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க. இந்த எடத்துல நான் சிரிக்கல. நீயும் சிரிக்காத.

அதுக்காக வெயிலு, மழையப் பத்திப் பேசவே கூடாதான்னு கேக்காத. பேசு. பேசாட்டி பஸ்ஸுல பக்கத்துல இருக்கிறவர்கிட்ட வேற என்னத்தத்தான் கதைக்கிறது? ஆனா ஒரு கணக்கு வச்சுக்க. நாளைக்குப் பெய்ஞ்சா உனக்கு என்ன நட்டம்? காய்ஞ்சா என்ன நட்டம்? ரெண்டுக்கும் "ஒண்ணுமில்ல"ன்னு பதில் வந்தா, உன் கருத்து வெறும் பொழுதுபோக்கு. சும்மா சொல்லிக்க, தீர்ப்பா எழுதாத. நட்டம் உள்ளவன் பேசுறப்ப வாயப் பொத்திக் கேளு. அவன் ரெண்டு வார்த்தைதான் பேசுவான். மேற்கால பாப்பான், "உம்"பான், போயிருவான். வானத்தப் பத்தி ரொம்பப் பேசுறவன் வானத்துக்குக் கீழ வேல செய்யுறவன் இல்ல.

என்னா, கோவமா? கருத்துச் சொல்லியே ஆகணுமா? சரி, சொல்லு. அதோ, உங்க அத்தை முத்தத்துல மொளகாயப் பரப்பிட்டு மலைக்குப் போயிருக்கா. அதுக்குப் பக்கத்துல குந்திக்க. சம்மர், வின்ட்டர்னு உனக்குத் தெரிஞ்ச கருத்தெல்லாம் காக்காகிட்ட சொல்லு. காக்காவும் கிட்ட வராது. ஹந்தானைப் பக்கம் கருக்கல் கட்டுனா மட்டும் கருத்த அங்கயே வச்சிட்டு, பாய நாலு மூலையும் புடிச்சுத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடியா. மொளகா ஒண்ணு நனைஞ்சாலும் உங்க அத்தை தர்ற தீர்ப்புக்கு அப்பீல் கெடையாது.